தட்டைக் கேட்கும் செயலியும் சட்டியில் உண்ணும் அம்மாவும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவி)

கைப்பேசி நம் வீடுகளுக்குள் வந்தபோது முதலில் கைக்கடிகாரத்தை விழுங்கியது. பிறகு கணக்குப் பொறி, டார்ச் விளக்கு, வானொலி, நாட்காட்டி, கேமரா என்று ஒவ்வொன்றாக விழுங்கிவிட்டு, இப்போது நம் சாப்பாட்டுத் தட்டையும் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. காலையில் என்ன உண்டாய், எத்தனை இட்லி, சட்னி எத்தனை கரண்டி என்று கேட்கிறது. சொன்னால் கூட்டிப் பார்த்து, இவ்வளவு கலோரி என்கிறது. அளவு மீறினால் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கவும் செய்கிறது. உணவுக் குறிப்புச் செயலி என்று இதனைச் சொல்லலாம். நம் விடுதியில் அறைக்கு ஒருவராவது இதை வைத்திருக்கிறார்கள்.

இந்தச் செயலிகள் நல்லவையா, கெட்டவையா என்று வழக்காடுவது என் நோக்கமன்று. அதற்குத் தமிழ் மன்றத்தின் பட்டிமன்றம் இருக்கிறது. நான் கேட்க வரும் கேள்வி சிறியது. இவற்றை யாரால் பயன்படுத்த முடிகிறது? யாருக்கு மிகவும் தேவையோ அவரால் முடிகிறதா? முடியாது என்பது என் கருத்து. அந்தக் குறை உண்பவருடையதன்று, அளப்பவருடையது என்பதும் என் கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுத ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

ஒரு பொருளைப் ‘பயன்படுத்த எளிது’ என்று எப்போது சொல்லலாம்? கணினித் துறையினர் இதற்கு ஓர் இலக்கணம் வைத்திருக்கிறார்கள். 1998இல் வெளியாகி 2018இல் திருத்தப்பட்ட ஐ.எஸ்.ஓ. 9241-11 என்னும் பன்னாட்டுத் தர வரையறை, மூன்று செய்திகளைப் பார்க்கச் சொல்கிறது. எடுத்த காரியம் சரியாக முடிந்ததா? அதற்கு எவ்வளவு நேரமும் உழைப்பும் செலவாயின? முடித்தவருக்கு மனநிறைவு உண்டா? இந்த மூன்றையும் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் இவற்றுக்கு முன்னால் அதே வரையறை வைக்கும் நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை. இன்ன மனிதர், இன்ன காரியம், இன்ன சூழல் என்று முதலில் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் எளிது, கடினம் என்று பேசுவதில் பொருளே இல்லை. நம் ஆய்வகத்தில் இருக்கும் கத்தரிக்கோல் நல்ல கத்தரிக்கோல்தான். இடக்கைப் பழக்கமுள்ள என் தோழி வடிதாள் வெட்டும்போது வந்து பாருங்கள், அது எவ்வளவு நல்லது என்று தெரியும்.

எளிமைக்கு மதிப்பெண் போடும் முறைகளும் இருக்கின்றன. 1986இல் இங்கிலாந்தில் ஜான் புரூக் என்பவர் பத்து வாக்கியங்கள் கொண்ட ஒரு தாளை உருவாக்கினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒன்று முதல் ஐந்துவரை ஓர் எண்ணைக் குறிக்க வேண்டும். கூட்டிக் கழித்து இரண்டரையால் பெருக்கினால் நூற்றுக்கு இவ்வளவு என்று விடை வந்துவிடும். ஐந்து நிமிட வேலை. இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. கணினி அறிவியல் துறை நண்பர்கள் தங்கள் ப்ராஜெக்டுக்காக இந்தத் தாளைப் பக்கத்து வகுப்பில் விநியோகிப்பதை நானும் பார்த்திருக்கிறேன்; நானே இரண்டு முறை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அங்கேதான் கோளாறு. நிரப்புகிற நான் யார்? ஆங்கில எழுத்து படிக்கத் தெரிந்தவள், விரல் நுனியில் கைப்பேசியைப் பழகியவள், உடம்பில் நோய் ஒன்றும் இல்லாத இருபது வயதுக்காரி. எனக்கு எளிதாக இருப்பதால் உலகத்துக்கே எளிது என்று சான்றிதழ் எழுதிவிட முடியுமா?

ஜேக்கப் நீல்சன் என்ற அறிஞர் 2000இல் எழுதியது இத்துறையில் புகழ் பெற்ற கருத்து. ஐந்து பேரை உட்கார வைத்துப் பயன்படுத்தச் சொல்லிக் கவனித்தாலே சுமார் 85 விழுக்காடு குறைகள் தெரிந்துவிடும் என்றார் அவர். நம்மவர்கள் அந்த ‘ஐந்து’ என்பதை மட்டும் ஆசையோடு பிடித்துக்கொண்டார்கள். மிகவும் வேறுபட்ட மக்கள் பயன்படுத்தும் பொருளானால் ஒவ்வொரு வகையினரையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும் என்று அவரே சேர்த்துச் சொன்னதை விட்டுவிட்டார்கள்.

சரி, உணவுக் குறிப்பு யாருக்குத் தேவை? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான பெரிய ஆய்வு, நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர் என்று மதிப்பிட்டது. இந்தப் பத்துக் கோடியில் நகரத்து உடற்பயிற்சிக் கூடங்களுக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் இருக்க முடியும்? மீதிப் பேர் கூலி வேலைக்கும், கடைக்கும், அடுப்படிக்கும் போய் வருகிறவர்கள். என் அம்மா அவர்களில் ஒருவர். 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கிய பிறகு வீட்டுக்கே வந்து விரலில் ஊசி குத்திப் பார்த்ததில்தான் அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அதுவரை கால் எரிச்சலைப் புளி தட்ட உட்காருவதால் வரும் எரிச்சல் என்றே நினைத்திருந்தார். மாத்திரையும் கிடைத்தது, அதோடு ஓர் அறிவுரையும் கிடைத்தது: ‘தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கவனியுங்கள், முடிந்தால் குறித்து வையுங்கள்.’

அம்மா ஐந்தாம் வகுப்பு. குறித்து வைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கல்லூரி விடுமுறையில் ஒரு மாதம், கைப்பேசியில் அப்படிப்பட்ட செயலி ஒன்றை இறக்கி, அம்மாவின் சாப்பாட்டை அதில் பதிய முனைந்தேன். செயலியின் பெயர் வேண்டாம். அடுத்தடுத்து மூன்றைப் பார்த்தேன்; மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவைதாம்.

எங்கள் பக்கத்தில் இரவு உணவு கேழ்வரகுக் களி. தமிழில் ‘களி’ என்று எழுதித் தேடினேன், ஒன்றும் வரவில்லை. ஆங்கில எழுத்தில் தட்டினேன். வந்தது திருவாதிரைக் களி! வெல்லமும் நெய்யும் முந்திரியும் போட்ட இனிப்பு. சர்க்கரை நோயாளியின் கணக்கில் முதல் நாளே அதை ஏற்றினால் எப்படியிருக்கும்? தேடித் தேடிக் கடைசியில் கர்நாடகப் பெயரில், ராகி முத்தே என்று அது அகப்பட்டது. அளவு என்ற இடத்தில் ‘ஓர் உருண்டை’ என்றிருந்தது.

“எத்தனை உருண்டைம்மா சாப்பிட்ட?”

“எந்த உருண்டைய கேக்கற? உங்கப்பனுக்கு உருட்டறது ஒண்ணு, தம்பிக்கு உருட்டறது ஒண்ணு. நான் எங்க உருண்டை உருட்டினேன்? சட்டியில ஒட்டினத வழிச்சுத் தின்னேன்.”

மாணவ நண்பர்களே, இந்த ஒரு பதிலில் செயலியின் கட்டிடம் முழுவதும் ஆட்டம் கண்டுவிடுகிறது. எல்லாருக்கும் தனித்தனித் தட்டு உண்டு, தட்டில் விழுந்தது எவ்வளவு என்று உண்பவருக்குத் தெரியும், விழுந்த பிறகு அது கூடாது குறையாது என்ற நம்பிக்கையின்மேல் கட்டப்பட்டது அது. எங்கள் வீட்டில் உலை ஒன்று, குழம்பு ஒன்று. அப்பா உண்டு, தம்பி உண்டு, நான் உண்டு, மிச்சம் எவ்வளவோ அதுவே அம்மாவின் அளவு. ஒரு நாள் அது இரண்டு கை, ஒரு நாள் அரைக் கை. விருந்தாள் வந்துவிட்டால் மோரைக் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். இந்த வரலாற்றைப் பதிய அந்தச் செயலியில் கட்டமே இல்லை. ‘ஒரு கிண்ணம்’, ‘அரைக் கிண்ணம்’, ‘150 கிராம்’ என்ற மூன்றில் ஒன்றைத் தொடு என்கிறது. எங்கள் வீட்டில் அளக்கும் கருவி ஆழாக்கும், தேங்காய்ச் சிரட்டை அகப்பையும், அம்மாவின் கையும்.

முதல் வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டைப் பதிய எனக்கு ஏழு நிமிடம் பிடித்தது. அதைச் சாப்பிட அம்மாவுக்கு அவ்வளவு நேரம் பிடிக்கவில்லை. நேரமும் உழைப்பும் என்று தர வரையறை சொல்வதை இதைவிட எப்படி அளப்பது?

இன்னொன்று. செயலி பதியப்பட்டது என் கைப்பேசியில். அம்மாவிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய பேசி. ஆகவே செயலி அம்மாவின் வயதையும் எடையையும் வைத்துக்கொண்டு என்னோடு பேசியது. நான் நூலகத்துக்கு நடந்தால் அம்மா நடந்ததாக எழுதிக்கொண்டது. அம்மா மூன்று மைல் நடந்து காட்டுக்குப் போய்க் களை எடுத்துத் திரும்பிய நாளில், கைப்பேசி என்னோடு திண்ணையில் இருந்ததால், ‘இன்று நீங்கள் போதிய அளவு அசையவில்லை’ என்று கண்டித்தது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். சிரித்துக்கொண்டே, “அதையே வந்து ஒரு பாத்தி எடுக்கச் சொல்லு” என்றார். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் தாமே பயன்படுத்தும் கைப்பேசி உள்ளவர்கள் 54 விழுக்காட்டினர்தாம். அதிலும் தொடுதிரை உள்ளது எத்தனை, பொத்தான் உள்ளது எத்தனை? ஒரு மனிதருக்கு ஒரு கைப்பேசி என்ற கணக்கு, ஒரு மனிதருக்கு ஒரு தட்டு என்ற கணக்கைப் போன்றதே.

இனி எண்களுக்கு வருவோம். இது வேதியியல் மாணவியின் பங்கு.

ஆய்வகத்தில் நமக்கு முதலில் கற்றுத்தருவது மீச்சிற்றளவு. ப்யூரெட்டில் ஒரு கோடு 0.1 மில்லிலிட்டர். வெர்னியர் அளவுகோலில் 0.01 சென்டிமீட்டர். கருவி எவ்வளவு நுட்பமாகப் பார்க்குமோ அதற்குமேல் ஒரு தசமம் எழுதினாலும் சிவப்பு மையால் அடித்துவிடுவார்கள். செயலியோ, அம்மாவின் ஒரு கை களிக்கும் ஒரு கரண்டி கீரைக் கடைசலுக்கும் சேர்த்து ‘347 கலோரி’ என்று ஒன்றாம் இலக்கம்வரை விடை தருகிறது. அந்த ஏழு எங்கிருந்து வந்தது? மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு நான்கு, கொழுப்புக்கு ஒன்பது என்று அமெரிக்காவில் ஆட்வாட்டர் என்ற விஞ்ஞானி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த சராசரிகளே இன்றும் அந்தக் கணக்குக்கு அடிப்படை. சராசரியில் பிழையில்லை. ஊகமாகச் சொன்ன அளவைத் துல்லியமான சராசரியால் பெருக்கினால் வரும் விடை துல்லியமாகிவிடாது. முதலாண்டு மாணவரே இதைச் சொல்லிவிடுவார்.

நம் உணவில் ஊகம் எங்கே ஒளிந்திருக்கிறது தெரியுமா? தண்ணீரில். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையில் 528 உணவுப் பொருள்களின் அளவுகள் இருக்கின்றன. அருமையான உழைப்பு. கேழ்வரகு நூறு கிராமுக்குச் சுமார் 320 கலோரி என்று அதில் பார்க்கலாம். ஆனால் அது கேழ்வரகு, களியன்று. களியில் எவ்வளவு தண்ணீர் என்பது கிளறுகிறவரின் கைக்கும், அடுப்புக்கும், நொய் சேர்த்தாரா என்பதற்கும் ஏற்ப மாறும். பழைய சோற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே சொம்பில் முக்கால் பங்கு சோறும் இருக்கலாம், முக்கால் பங்கு நீராகாரமும் இருக்கலாம். சொம்பு ஒன்றுதான். செயலிக்கு அது ‘ஒரு பரிமாறல்’.

படித்தவர்கள், நகரத்தவர்கள் மட்டும் சரியாக அளந்து சொல்லிவிடுகிறார்களா? அதுவும் இல்லை. 1992இல் அமெரிக்காவில் ஒரு புகழ் பெற்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு, எவ்வளவு குறைத்து உண்டும் எடை குறையவில்லை என்று சொன்ன பத்துப் பேரைச் சோதித்தது. அவர்கள் எழுதிக் கொடுத்த கணக்கில், உண்மையில் உண்டதில் சராசரியாக 47 விழுக்காடு விட்டுப்போயிருந்தது. தன் வாய்க்குள் போனதைத் தானே அளந்து எழுதுவது மனித இயல்புக்கு அவ்வளவு கடினம். அந்தக் கடினமான வேலையை முழுக்க நம் தலையில் கட்டிவிட்டு, கூட்டல் கணக்கை மட்டும் செயலி தன்னிடம் வைத்துக்கொண்டது. வேலைப் பிரிவினை என்றால் இதுவல்லவோ!

இப்படிச் சொன்னால், வேறு வழி என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். வழி நம் நாட்டிலேயே இருந்தது என்பதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது. மேலே சொன்ன ஐதராபாத் நிறுவனம் முதலில் பிறந்தது நம் நீலகிரியில், குன்னூரில். 1918இல் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய அங்கே தொடங்கிய சிறிய அமைப்பு, பின்னர் வளர்ந்து 1958இல் ஐதராபாத்துக்குப் போனது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1972இல் அமைத்த தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு அமைப்புக்கும் அதுவே தலைமையிடமாக இருந்தது. அந்த அமைப்பின் பணியாளர்கள் தமிழகம் உள்பட மாநிலங்களின் சிற்றூர்களுக்குப் போய் என்ன செய்தார்கள்? அளவெடுத்துச் செய்த கிண்ணங்களையும் கரண்டிகளையும் கையோடு கொண்டுபோனார்கள். வீட்டில் சமைக்கும் பெண்ணிடம் உட்கார்ந்து, நேற்று என்ன சமைத்தீர்கள், அரிசி எவ்வளவு போட்டீர்கள், வெந்தபின் எவ்வளவு வந்தது, அதில் யாருக்கு எவ்வளவு வைத்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டார்கள். அந்தப் பெண் தன் வீட்டுப் பாத்திரத்தைக் காட்டினால், அதைத் தங்கள் கிண்ணத்தோடு ஒப்பிட்டு அளந்துகொண்டார்கள்.

கவனியுங்கள். முதலில் பானை, பிறகு ஆள். முதலில் வீட்டின் அளவு, பிறகு விஞ்ஞானத்தின் அளவு. பொது உலையில் வெந்த சோற்றை எப்படிப் பங்கு பிரித்துக் கணக்கிடுவது என்ற வித்தை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தாளும் பென்சிலும் நான்கு கிண்ணமும் கொண்டு செய்யப்பட்டிருக்கிறது. கணினியோ கைப்பேசியோ இல்லாத நாளில் அளப்பவர் உண்பவரின் வீட்டுக்கு நடந்து போனார். கோடிக்கணக்கில் முதலீடு செய்து ஆக்கிய கருவி, உண்பவரைத் தன்னிடம் நடந்துவரச் சொல்கிறது. இதை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். செயலியால் எங்களுக்கு ஒரு நன்மை உண்டாயிற்று. அம்மா குடிக்கும் தேநீரைப் பதிந்தபோது, ஒரு நாளில் ஐந்து தம்ளர், தம்ளருக்கு இரண்டு கரண்டி சர்க்கரை என்று கூட்டிக் காட்டியது. பத்துக் கரண்டி சர்க்கரையைத் தனியாகக் கிண்ணத்தில் போட்டு அம்மாவின் முன் வைத்தேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து இரண்டு தம்ளர் குறைந்துவிட்டது. செயலி இதற்குத் தகுதியானதே. தம்ளரும் கரண்டியும் எண்ணக்கூடிய பொருள்கள். கடைத் தேநீர் தனித் தம்ளரில் வருவது. எண்ணக்கூடிய இடத்தில் அது நன்றாக எண்ணுகிறது. ஆனால் பத்துக் கரண்டி என்ற எண்ணைவிடக் கிண்ணத்தில் இருந்த சர்க்கரைதான் அம்மாவின் மனத்தை மாற்றியது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

இப்போது புகைப்படம் எடுத்தாலே போதும், உணவைத் தானே கண்டுபிடிக்கும் செயலிகள் வந்துவிட்டன, வாயால் சொன்னாலும் கேட்டுக்கொள்ளும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வரட்டும், மகிழ்ச்சியே. தட்டச்சு செய்யத் தெரியாதவருக்குக் குரல் பெரிய உதவி. ஆனால் படத்தில் எண்ணெய் தெரியாது. குழம்புக்கு அடியில் இருக்கும் சோறு தெரியாது. சாப்பிட்டு முடித்து வழித்த சட்டியைப் படம் எடுத்தால் என்ன தெரியும்?

நம் விடுதியைப் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். இதை எழுதலாமா என்று தயங்கித்தான் எழுதுகிறேன். பக்கத்து அறைத் தோழி ஒருத்தி காலையில் உண்பதில்லை, மதியம் பாதி உண்கிறாள். செயலி அவளுக்கு நாள்தோறும் பச்சை நிறம் காட்டிப் பாராட்டுகிறது. தொடர்ந்து பன்னிரண்டு நாள் ‘இலக்கை எட்டினாய்’ என்று பதக்கம்கூட வந்தது. பதின்மூன்றாம் நாள் காலை வணக்கத்தில் மயங்கி விழுந்தாள். அதே கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு மேல் இரத்த சோகை. நம் வகுப்பில் எண்ணிப் பார்த்தால் பாதிப் பெஞ்சு. இரும்புச்சத்து எவ்வளவு உண்டோம் என்று பார்க்கலாமா என்று அவளுடைய செயலியைத் தொட்டால், அந்தப் பகுதிக்குப் பணம் கட்ட வேண்டும் என்கிறது. கலோரி இலவசம், இரும்புக்குக் கட்டணம்! மிகுதியாக உண்பதே மனித குலத்தின் நோய் என்று முடிவு செய்துகொண்டு யாரோ எங்கேயோ எழுதிய நிரல், குறைவாக உண்டு வளர்ந்த பெண்ணுக்கும் ‘இன்னும் குறை’ என்றுதான் சொல்லும். காரியம் சரியாக முடிந்ததா என்ற முதல் கேள்விக்கு இங்கே என்ன மதிப்பெண் போடுவது? திரையில் அழகாக முடிந்தது. காலை வணக்கத்தில் மயங்கி விழுந்தது.

நாம் பதியும் செய்திகள் எங்கே போகின்றன என்பதும் யோசிக்க வேண்டியதே. 2005இல் தொடங்கப்பட்ட மை ஃபிட்னஸ் பால் என்ற அமெரிக்கச் செயலியை, 2015இல் அண்டர் ஆர்மர் என்ற விளையாட்டு உடை நிறுவனம் 47.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2018இல் அதில் சுமார் 15 கோடிக் கணக்குகளின் விவரங்கள் களவு போயின. அம்மா வழித்த சட்டிக் கணக்கு யாருக்கு வேண்டும் என்று தோன்றும். இலவசமாகத் தருகிறவர் எதை விற்று வாழ்கிறார் என்று கேட்டு வைப்பதில் தவறில்லை.

என் யோசனைக்கு வருகிறேன். நம் கல்லூரியில் கணினி அறிவியல் துறை இருக்கிறது, புள்ளியியல் இருக்கிறது, தமிழ்த்துறை இருக்கிறது. மாணவர்களில் பலர் என்னைப் போலக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். இதைக் குறையாகவே பேசிப் பழகிவிட்டோம். ஒரு பெருநகரத்து நிறுவனம் பெரும்பொருள் செலவிட்டாலும் எளிதில் கிடைக்காத ஒன்று நமக்குக் கிடைக்கும்: எழுதப் படிக்கத் தெரியாத, சர்க்கரை நோயுள்ள, பொத்தான் பேசி வைத்திருக்கும் ஐந்து தாய்மார்கள். நாம் கூப்பிட்டால் கூச்சமின்றி உட்கார்ந்து, “இது என்னடி கண்றாவி” என்று மனத்தில் பட்டதைச் சொல்வார்கள். நீல்சன் கேட்ட ஐந்து பேர் இவர்களே. அடுத்த ஆண்டு உணவுக் குறிப்புச் செயலியை மதிப்பிடும் ப்ராஜெக்ட் எடுக்கும் நண்பர்கள், பத்து வாக்கியத் தாளைப் பக்கத்து வகுப்பில் கொடுக்காமல் இவர்களிடம் வாசித்துக் காட்டிக் கேட்க வேண்டும். எத்தனை இடத்தில் விரல் தயங்கியது, எந்தச் சொல்லில் முகம் சுளித்தது என்று பக்கத்தில் இருந்து எழுத வேண்டும்.

தமிழ்த்துறை நண்பர்கள் ஊர் ஊராக உணவின் பெயர்களைத் தொகுத்துத் தரலாம். கூழ், களி, கடைசல், பருப்பு நீர், கருவாட்டுக் குழம்பு, கொள்ளு ரசம் என்று நாம் சொல்கிற சொல்லே தேடும் சொல்லாக இருக்கட்டும். ஒரு வீட்டுக்கு ஒரு பானை என்று தொடங்கி, பிறகு ஆளுக்கு எவ்வளவு என்று பிரிக்கும் கட்டத்தைக் கணினித் துறையினர் வரையட்டும். கிராமுக்குப் பதிலாக ஆழாக்கும் அகப்பையும் இருக்கட்டும். முதல் நாள் ஒரே ஒரு முறை அந்த வீட்டு அகப்பையில் தண்ணீர் பிடிக்கும் அளவைப் பார்த்துக்கொண்டால் போதும். 347 என்று காட்டாமல் ‘முந்நூற்றுக்கும் நானூறுக்கும் இடையில்’ என்று காட்டினால் யாரும் குறைந்துபோக மாட்டார்கள்.

வேதியியல் துறையின் பங்கு எளியது. உணவில் ஈரப்பதம் எவ்வளவு என்று காண்பது நமக்குத் தெரிந்த ஆய்வு. எடை பார்த்து, 105 பாகை செல்சியசில் உலர்த்தி, உலர்த்துகலனில் ஆறவிட்டு, மீண்டும் எடை பார்த்து, எடை மாறாத நிலை வரும்வரை திரும்பச் செய்ய வேண்டும். ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும் ஒரு பிடி களி வந்தால், எங்கள் பக்கத்துக் களியில் மாவு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, அது வீட்டுக்கு வீடு எவ்வளவு மாறுகிறது என்று ஓர் அட்டவணையே போட்டுவிடலாம். அதற்கு வேண்டிய ஓவன் நம் ஆய்வகத்தின் மூலையில் இருக்கிறது. சனிக்கிழமைகளில் சும்மாதான் இருக்கிறது. துறைத்தலைவர் அவர்கள் அனுமதி தந்தால், முதல் களியை நான் கொண்டு வருகிறேன்.